கதீத்ரா அண்ணையும் ஆண்டகையின் கதிரையும்

ஷெல் எங்கிருந்து வருகிறது என்று பள்ளிமுனை முழுவதும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சொல் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் கதீத்ரா அண்ணைதான். மன்னார்த் தீவில் மட்டுமல்ல, சண்டை நடந்த எந்தத் தேசத்திலும் அப்படி இன்னொருவர் இருந்திருக்க மாட்டார் என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ண நான் தயார்.

அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரே கோயிலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். ஒருவர் அரிசிப் பானை, ஒருவர் தையல் மெசின் தலை, ஒருத்தி பிள்ளை, இன்னொருத்தி அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை. கதீத்ரா அண்ணை தூக்கியது ஒரு மரக் கதிரை. அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்திருந்தார். நாலு காலும் வானத்தைப் பார்த்துக் கொம்பு மாதிரி நின்றன. நான் அம்மாவின் தகரப் பெட்டியோடு அவருக்குப் பின்னால் ஓடினேன். பெருக்கமரத்தடிக்கு வந்ததும் மனிதர் சட்டென்று நின்றார். நான் போய் முட்டினேன்.

"தம்பி, இதுக்கு ஏன் கதிரை எண்டு பேர்?"

"அண்ணை, ஓடுங்கோ!"

"ஓடுறன், அது பிரச்சினை இல்லை. இந்தியாவில நாற்காலி எண்டுறாங்கள். நியாயம், நாலு கால் இருக்கு. கதிரைக்குள்ள என்ன இருக்கு?"

கடலுக்குள் ஒன்று விழுந்து வெடித்தது. அண்ணை குனிந்தார். கதிரைக் கால்கள் என் கண்ணுக்கு நேரே வந்தன.

"பார் தம்பி, எங்களுக்குத் தெரியாத ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு உயிர் தப்ப ஓடுறம்" என்றார். பிறகுதான் ஓடினார்.

கோயிலுக்குள் சனம் நெருக்கியடித்து "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணை கதிரையை ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு, முழந்தாளிலேயே நகர்ந்து நகர்ந்து பங்குச் சுவாமியிடம் போய்க் காதுக்குள் ஏதோ சொன்னார். சுவாமி உருகிப் போனார். சாவு நெருங்கியதும் இவனுக்குக்கூடப் பாவசங்கீர்த்தனம் செய்ய மனம் வந்துவிட்டதே என்று தலையில் கையை வைத்து, "சொல்லு மகனே" என்றார்.

"போத்துக்கீச அகராதி எந்தத் தட்டில இருக்கு சுவாமி?"

சுவாமி தலையில் வைத்த கையாலேயே ஒரு குட்டுக் குட்டினார். ஆனாலும் பங்குமனைத் திறப்பைக் கொடுத்தார். பங்குமனையில் பழைய மிசனரிமார் விட்டுவிட்டுப் போன அகராதிகள் ஒரு அலுமாரி நிறையக் கிடந்தன. கறையான் தவிர அவற்றைத் திறந்து பார்த்தது அண்ணை மட்டுந்தான். சின்ன வயதில் குருமடத்துக்குப் போனவர் அவர். லத்தீனில் இருக்கும் ஆசை செபத்தில் இல்லை என்று கண்டுபிடித்து, அன்பாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஷெல்லடிக் காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கோதுமை மா நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஷெல்லடி ஓய்ந்து சனம் வெளியே வந்தபோது அண்ணை பங்குமனை வாசலில் நின்று, ஏதோ சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான மாதிரிக் கத்தினார்: "காதெய்ரா! போத்துக்கீசன் காதெய்ரா எண்டான், நாங்கள் கதிரை ஆக்கினம்! அதுக்கு முந்தி லத்தீனில கதீத்ரா! கிரேக்கத்தில கதேத்ரா! 'கதா' எண்டால் கீழே, 'ஹெத்ரா' எண்டால் இருக்கை! உரோமாபுரியிலயிருந்து எங்கட குசினிக்கு வந்திருக்கு!"

அன்றிலிருந்து அவருக்குக் கதீத்ரா என்று பேர். ஞானஸ்நானப் பேர் என்னவென்று ஆண்டவருக்கும் அடையாள அட்டைக்கும் மட்டுந்தான் தெரியும்.

நான் அப்போது ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். இரவில் கடலுக்குப் போகத் தடை, வீதியால் போகத் தடை, ஊரடங்கு. செய்ய ஒன்றுமில்லாத என் போன்ற ஒருவனுக்கு அண்ணை ஒரு பல்கலைக்கழகம். ஒரே ஒரு பாடம் மட்டும் உள்ள பல்கலைக்கழகம். அந்தப் பாடம் கதிரை.

அவர் சொன்னதை நான் அகராதியில் சரிபார்ப்பேன். ஒருநாளாவது பிடித்துவிடலாம் என்ற ஆசை. பிடிபடவே இல்லை. பிரெஞ்சுக்காரனுக்குக் கதிரை "ஷேஸ்". அது முந்தி "ஷேர்". அந்த "ஷேர்" இப்போதும் இருக்கிறது, ஆனால் பிரசங்க மேடைக்கும் பேராசிரியர் பதவிக்கும்தான். "பரிசில நாகரிகம் முத்தி நாக்கு வழுக்கிப்போச்சு தம்பி. ர் எண்ட இடத்தில ஸ் எண்டு விழுந்திட்டாங்கள்" என்பார். இத்தாலியனுக்கு "கத்தேத்ரா" என்றால் வாத்தியாரின் மேசை. கதீட்ரல் என்கிறோமே, அது கோயில் பெரிதாக இருப்பதால் வந்த பெயர் அல்ல. உள்ளே ஆயரின் கதிரை இருப்பதால் வந்தது.

எஸ்பானியாக்காரன்தான் வில்லங்கம். அவனிடம் அந்தச் சொல் இடுப்புக்குப் பெயராகிவிட்டது. குந்தியிருக்கும் சாமானின் பேர், அதில் இருத்தும் உறுப்புக்குப் போய்விட்டதாம். இதை அண்ணை தனக்குள் வைத்திருந்திருக்கலாம். மா வரிசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பிலோமினா அக்காவிடம் சொன்னார். கோயில் கூட்டுகிறவ, கோயில் திறப்பு வைத்திருக்கிறவ, வாயில் உப்பு உறைப்பு எல்லாம் வைத்திருக்கிறவ.

"அக்கா, உங்கட இடுப்பை எஸ்பானியாவில கதிரை எண்டுதான் சொல்லுவாங்கள்."

"ஏன்ரா, என்ர இடுப்பில ஆரடா வந்து இருக்கப்போறான்? மாவை நிறுடா, விசரா!"

வரிசை சிரித்து முடிய நெடுநேரம் பிடித்தது. சண்டைக்காலத்தில் அவ்வளவு பேர் சேர்ந்து சிரித்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரை ஒரு விசர்ப் படிப்பாளி என்று சொல்லிவிட்டு நானும் இந்தப் பத்தியை முடித்திருப்பேன். அண்ணை நிற்கவில்லை. இத்தனை மொழியிலும் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார். வாத்தியார், பேராசிரியர், ஆயர், பிரசங்கம். எங்கு பார்த்தாலும் கதிரைக்குப் பக்கத்தில் பேச்சு.

"கதிரையில இருக்கிறவன் கதைப்பான். நிக்கிறவன் தலையாட்டுவான். இவ்வளவுதான் தம்பி உலக சரித்திரம்."

"அப்ப நாங்கள்?"

"நாங்கள் எங்க போனாலும் நிக்கிறம். அரசாங்கக் கந்தோரில நிக்கிறம், ஆமி சென்றியில நிக்கிறம், சங்கக்கடையில நிக்கிறம். அதுதான் ஒருத்தற்றை வாயும் திறக்குதில்லை."

பரிசோதனையைச் சங்கக்கடையிலேயே தொடங்கினார். வரிசையில் முன்னுக்கு வருகிற ஆளை மா மூட்டையில் இருத்திவிட்டுத்தான் நிறுப்பார். முதல் ஆள் இருந்தார். கொஞ்சம் மூச்சுவிட்டார். சுற்றிப் பார்த்தார். பிறகு, "அதுசரி, சீனி ஏன் இந்தமுறை குறைவு?" என்று கேட்டார். அடுத்த ஆள் இருந்து, "தராசுத் தட்டு ஏன் ஒரு பக்கம் சாயுது?" என்றார். வருசக்கணக்காகச் சத்தமில்லாமல் மா வாங்கிப்போன சனம், மூட்டையில் குந்தியதும் வழக்கறிஞர் ஆகிவிட்டது. முகாமையாளர் ஓடிவந்து மூட்டைகளையெல்லாம் உள்ளே அடுக்கிப் பூட்டினார். அண்ணைக்குக் கடைசி எச்சரிக்கை கிடைத்தது. எச்சரிக்கையை அவர் நின்றுகொண்டுதான் கேட்டார். அதனால் பதில் சொல்லவில்லையாம். என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் சூசை சம்மாட்டியின் பிரச்சினை முற்றியது.

வள்ளமும் வலையும் வைத்திருந்து பத்துப் பேருக்குத் தொழில் கொடுத்த மனிதர் அவர். கரையில் நின்று ஒரு சத்தம் போட்டால் தலைமன்னாரில் காகம் பறக்கும். ஆனால் இரவுத் தொழிலுக்குத் தடை வந்ததிலிருந்து வள்ளங்கள் மணலில் காய்ந்து வெடிப்புவிட்டன. விடிந்தபின் போய்ப் பொழுது படமுன் திரும்பவேண்டும். சூடை மீனும் கணவாயும் இரவில் வருகிற சாதி. பகலில் போகிறவனுக்காக அவை காத்துக்கொண்டிருப்பதில்லை. தொழிலாளிகள் ஒவ்வொருவராக இராமேஸ்வரத்துக்குப் படகேற யோசித்தார்கள். சம்மாட்டி ஒரு வள்ளத்தை ஏற்கெனவே விற்றுவிட்டார். அடுத்த கூட்டத்திலும் அனுமதி கிடைக்காவிட்டால் கடைசி வள்ளத்தையும் விற்பது என்று முடிவு.

கூட்டம் என்பது இதுதான்: இராணுவ முகாமின் பெரிய அதிகாரி ஜீப்பில் கோயில் வளவுக்கு வருவார். ஒரு சிப்பாய் மடக்குக் கதிரை ஒன்றை விரிப்பான். அவர் இருப்பார். ஊர் வெயிலில் நிற்கும். அவர் சிங்களத்தில் சொல்வதை ஒரு பொலிஸ்காரர் தமிழில் சொல்வார். கடைசியில் "ஏதும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்பார். கரையில் சிங்கம் மாதிரி நிற்கிற சம்மாட்டி கையைக் கட்டிக்கொண்டு, "இல்லை சேர்" என்பார். ஒவ்வொரு முறையும் இதே கதை.

"எனக்கு விளங்கேல்லையடா" என்று சம்மாட்டி எங்களிடம் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டில இருந்து எல்லாத்தையும் யோசிச்சுக்கொண்டுதான் போறன். அங்க போய் நிண்டதும் நாக்கு ஒட்டிப்போகுது."

"போய் நிண்டதும்!" என்று அண்ணை துள்ளினார். "கேட்டியே தம்பி? நிண்டதும்!"

அன்றே ஒத்திகை. சம்மாட்டியை நிற்கவைத்து, அண்ணை ஒரு மீன்பெட்டியில் அதிகாரி மாதிரி இருந்து, "ஏதும் பிரச்சினை இருக்கா?" என்றார். எதிரே இருப்பது மா நிறுக்கிற கதீத்ரா என்று தெரிந்தும் சம்மாட்டியின் கை தானாகக் கட்டிக்கொண்டது. "இல்லை சேர்" என்று வாய் சொன்னது. பிறகு மாறி இருந்து பார்த்தோம். மீன்பெட்டியில் குந்திய அடுத்த நிமிடமே சம்மாட்டி, "டேய், உனக்குக் கடலைப் பற்றி என்னடா தெரியும்?" என்று தொடங்கினார். நிறுத்த நாங்கள் பட்ட பாடு பெரும்பாடு.

ஆகச் சம்மாட்டி இருக்கவேண்டும். எதில்? அதிகாரிக்கு முன்னால் மீன்பெட்டியில் இருந்தால் மரியாதைக் குறைவு. அண்ணையின் மரக் கதிரை விறகில்லாத மாரியில் பிலோமினா அக்காவின் அடுப்பில் கஞ்சியாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்திப் பார்த்தோம். சம்மாட்டியின் பாரத்துக்கு அது மணலில் காலை விரித்துப் படுத்தேவிட்டது. ஊரில் உருப்படியாக மிஞ்சியிருந்த கதிரை ஒன்றே ஒன்றுதான்: உறுதிபூசுதல் கொடுக்க வருகிறபோது ஆயர் ஆண்டகை இருக்கிற கதிரை. கைபிடி, சிவப்பு வெல்வெட், முதுகுப் பக்கம் செதுக்கு வேலை. அதில் ஆண்டகையைத் தவிர ஒரு ஈ கூட இருந்தது கிடையாது.

"கதீட்ரல் கதிரை!" என்று அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயோ, ஆண்டகையின்ர கதிரையில நானோ? என்ர சந்ததி விளங்குமே?" என்றார் சம்மாட்டி.

"வள்ளம் வித்தா மட்டும் விளங்குமே?" என்று கேட்டது நான்தான். அன்று எனக்கும் இருந்து பேசுகிறவனின் தைரியம் வந்திருந்தது.

சுவாமி அந்தக் கிழமை தியானத்துக்காக வெளியூர் போயிருந்தார். திறப்பு பிலோமினா அக்காவிடம். அவ ஒரே ஒரு நிபந்தனை வைத்தா: "வெல்வெட்டில தூசி படப்படாது. நல்ல வெள்ளைச் சீலையால மூடித்தான் தருவன். அதுக்கு மேலதான் இவர் இருக்கவேணும்."

கூட்ட நாள் வந்தது. கோயில் வளவில் வெள்ளைச் சீலை விரித்த கதிரை. சம்மாட்டி ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரமும் உடுத்து, முள்ளில் இருக்கிறவர் மாதிரி நுனியில் இருந்தார். கண் மங்கிய ஒரு கிழவி முதல் வந்தா. கதிரையைக் கண்டா. அந்தக் கதிரையில் யார் இருப்பார் என்பது அவவுக்குத் தெரியும். அப்படியே முழந்தாளிட்டு, சம்மாட்டியின் கையைப் பிடித்து, கல்யாண மோதிரத்தை ஆண்டகையின் மோதிரமாக நினைத்து உதடு பதித்து முத்திசெய்தா.

"எணேய், நான் சூசை எணை!" என்று சம்மாட்டி பதறினார். காது கேட்டால்தானே.

எங்கள் ஊரில் கோயில் வளவில் ஒருவர் முழந்தாளிட்டால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. முதலில் முழந்தாள், பிறகுதான் விசாரணை. பின்னால் வந்த பெண்கள் விழுந்தார்கள். அவர்களைக் கண்டு ஆண்கள் விழுந்தார்கள். சிரிக்காமல் இருக்க நானும் விழுந்தேன். சரியாக அந்த நேரத்தில் ஜீப் வந்தது.

அதிகாரி இறங்கினார். ஊரே மண்டியிட்டிருந்தது. நடுவில் வெள்ளைச் சீலை விரித்த ஆசனத்தில் வெள்ளை உடுப்போடு ஒரு வயதானவர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். சிங்களவர் வீடுகளில் பிக்கு வந்தால் கதிரையில் வெள்ளைத் துணி விரித்துத்தான் இருத்துவார்கள். அப்படி இருக்கிறவருக்கு முன்னால் வீட்டுக்காரர் சரிக்குச் சரியாகக் கதிரை போட்டு இருக்கமாட்டார். இது எங்களில் ஒருவருக்கும் அன்று ஞாபகத்தில் இல்லை. பிலோமினா அக்கா தூசிக்குப் பயந்துதான் சீலை விரித்தா.

சிப்பாய் மடக்குக் கதிரையை விரித்தான். அதிகாரி கையைக் காட்டி அதை எடுக்கச் சொன்னார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி நின்றார்! சம்மாட்டி இருந்தார்! கதீத்ரா அண்ணை என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு நொந்தது.

பொலிஸ்காரர் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த குரலில், "ஏதும் பிரச்சினை இருக்கா எண்டு கேக்கிறார் ஐயா" என்றார்.

சம்மாட்டியின் கை கட்டிக்கொள்ளப் பார்த்தது. கைபிடி தடுத்தது. வாய் திறந்தது.

"இருக்கு சேர்" என்றார். "இருபது வருசமா இந்தக் கடலில தொழில் செய்யிறன். பகலில எங்கட வலையில வெயில்தான் சேர் பிடிபடுது. வெயிலைக் கறி வைக்கேலாது."

பொலிஸ்காரர் அதைச் சொன்னார். அதிகாரியின் வாயோரம் லேசாக அசைந்தது. பிறகு சம்மாட்டி நுனியை விட்டுப் பின்னால் சாய்ந்தார். சூடை எப்போது கரைக்கு வரும், கணவாய் எந்த வெளிச்சத்துக்கு ஏறும், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எவன் பிள்ளைகளை விட்டுப் படகேறப் பார்க்கிறான், எல்லாம் சொன்னார். அதிகாரி நடுவில் கேள்வி கேட்டார். அவர் பதில் சொன்னார். அப்படி ஒரு உரையாடலை எங்கள் வளவு அதற்கு முன்பு கண்டதில்லை. கடைசியில் அதிகாரி, வள்ளத்துக்கு ஒரு வெளிச்சம் கட்டவேண்டும், குறித்த எல்லையைத் தாண்டக்கூடாது, அப்படியானால் இரவில் போகலாம் என்றார்.

போகமுன் இரண்டு கையையும் கூப்பி வணங்கினார். அந்தரப்பட்ட சம்மாட்டியின் வலது கை தானாக எழும்பி, காற்றில் ஒரு சிலுவை போட்டுவிட்டது.

ஜீப்பின் புழுதி அடங்க முன்பே சம்மாட்டி கதிரையிலிருந்து பாய்ந்து இறங்கி, "டேய் கதீத்ரா, உன்னாலயடா நான் நரகத்துக்குப் போகப்போறன்!" என்று அழுதார். அழுதுகொண்டே அண்ணையைக் கட்டிப்பிடித்தார்.

சுவாமி திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். சம்மாட்டிக்குச் செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் முழந்தாளில். பிலோமினா அக்காவுக்கு வெல்வெட் துடைக்கும் வேலை. அண்ணைக்கு மாதக் கடைசி வரை அகராதி கிடையாது. மூன்று பேரிலும் உண்மையாகத் தண்டனை பெற்றவர் அண்ணைதான். அந்த மாதம் அவருக்குக் கன்னம் ஒட்டிப்போனது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சுவாமி மெல்ல, "அந்தக் கதிரையில இருந்து வந்த பிரசங்கம் எவ்வளவோ கேட்டிருக்கிறன். ஒரு வீட்டு அடுப்பு எரிஞ்சது இதுக்குத்தான்" என்றாராம்.

ஆனால் பயம் எங்களை விடவில்லை. உண்மை தெரிந்தால் அனுமதி போய்விடும். தெரியவேண்டிய நாளும் வந்தது. ஒரு விடியற்காலை வள்ளங்கள் கரையேறும்போது அதே அதிகாரி கரைக்கு நடந்து வந்தார். சம்மாட்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு, முழங்கால் தண்ணீரில் நின்று வலை இழுத்து, கெட்ட வார்த்தையால் தன் ஆட்களை வாழ்த்திக்கொண்டிருந்தார். அதிகாரி நின்று பார்த்தார். சம்மாட்டியும் பார்த்தார். கை கட்டிக்கொள்ளவில்லை. வலையை விட்டால் மீன் போய்விடும்.

"ஐயா, மீன் நல்லம்?" என்றார் அதிகாரி, உடைந்த தமிழில்.

"நல்லம் சேர். வாங்கோ, ரெண்டு கணவாய் கொண்டுபோங்கோ."

அவர் சிரித்தார். கணவாயை வாங்கிக்கொண்டு போனார். தெரிந்துதான் சிரித்தாரா, அல்லது பெரிய சாமியார் வலையும் இழுப்பார் என்று நினைத்தாரா, இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. அனுமதி மட்டும் போகவில்லை. கடைசி வள்ளமும் விற்கப்படவில்லை. இராமேஸ்வரத்துக்கு மூட்டை கட்டியவன் மூட்டையை அவிழ்த்தான்.

சண்டை முடிந்தது. நான் ஒரு கந்தோரில் இருந்துகொண்டு வேலை செய்கிறேன். போன கிழமை அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அதே பெருக்கமரத்தடிப் பதற்றம்.

"தம்பி, சப்பாத்து! போத்துக்கீசன் சப்பாத்து எண்டான். எஸ்பானியாக்காரன் சப்பாத்தோ, இத்தாலியன் சபாத்தா, பிரெஞ்சுக்காரன் சவாத். எல்லாம் ஒரே குடும்பம். ஆனா அடி எங்கயெண்டு ஒருத்தனுக்கும் தெரியாதாம்! துருக்கி எண்டுறான் ஒருத்தன், அறபு எண்டுறான் ஒருத்தன். எங்களுக்கெண்டுதான் மிச்சம் வைச்சிருக்கிறாங்கள்!"

திட்டம் தயார். நானாட்டான் வழியாக மறிச்சுக்கட்டி வரை ஊர் ஊராகப் போய், காலில் போடுகிறதுக்கெல்லாம் பழைய ஆட்கள் என்ன பேர் சொல்கிறார்கள் என்று கேட்பது. சூசை சம்மாட்டி தன் லான்ட்மாஸ்டர் உழவு மெசினைத் தருகிறார். தானும் வருகிறாராம். வாழ்நாளில் சப்பாத்தே போடாத மனிதர். "இவன் ஒரு சொல்லைப் பிடிச்சால் எங்க கொண்டுபோய் விடுவான் எண்டு தெரியாது. நான் பக்கத்தில நிக்கவேணும்" என்கிறார்.

அந்தச் சொல்லின் அடி கிடைக்காது என்று நான் பார்த்த எல்லா அகராதியும் சொல்கிறது. கிடைக்காமலே இருக்கட்டும். அண்ணையோடு சுற்ற எனக்கு லீவு நிறைய இருக்கிறது.